வின்ஸ்லோ வீட்டு வம்சாவளியில் இல்லாத பெயர்கள்

எங்கட ஊர்ப்பக்கம் ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்குப் போனால் கையில் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. பூட்டன், பூட்டியில் தொடங்கி கனடாவிலும் லண்டனிலும் பிறந்த குழந்தைகள் வரை கோடு போட்டு இணைத்திருப்பார்கள். பந்தி தொடங்கும் வரைக்கும் எல்லாரும் தங்கட பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அண்மையில் எங்கள் நண்பர் ஒருவரின் அம்மம்மாவின் கல்வெட்டைப் பார்த்தோம். ஒரு மாமாவின் பெயருக்குக் கீழே மட்டும் கோடு எதுவும் இல்லை. "மாமா கலியாணம் செய்யேல்லையோ?" என்று கேட்டோம். செய்தவராம். வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் செய்தவராம். பிள்ளைகளும் இருக்கினமாம். அச்சகத்துக்குக் கொடுத்த தாளில் யாரோ அவர்களை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

ஒரு வம்சாவளி யாரை எழுதுகிறது, யாரை விடுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களோடு வந்துகொண்டிருக்கிறது. சொந்தக் குடும்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சண்டைதான் வரும். அதனால் முதலில் தூரத்தில் உள்ள ஒரு குடும்பத்தில் கேட்டுப் பார்த்தோம்.

அந்தக் குடும்பத்தின் பெயர் எங்களுக்குப் புதிது இல்லை. தமிழ் படிக்கிற எல்லாரும் நூலகத்தில் ஒரு முறையாவது புரட்டியிருக்கும் வின்ஸ்லோ அகராதியின் வின்ஸ்லோதான். 1862இல் சென்னையில் வெளிவந்த அந்த அகராதியில் 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அதைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோ உடுவிலில் வாழ்ந்தவர். அவருடைய குடும்பம் அமெரிக்காவில் முதன்முதலில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களில் ஒன்று. 1877இல் ஹோல்ரன் என்ற மருத்துவரும் அவருடைய மனைவியும் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தடித்த புத்தகமாக வெளியிட்டார்கள். அது போதாமல் 1888இல் இரண்டாம் பாகமும் வந்தது. எங்கட கல்வெட்டில் நாலு பக்கம் எடுக்கிற விடயத்துக்கு அவர்களுக்கு இரண்டு பாகங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்

கதை 1620இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் திருச்சபையோடு ஒத்துப்போகாத ஒரு கூட்டம் முதலில் ஒல்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய், பிறகு மேபிளவர் என்ற கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. கப்பலில் 102 பயணிகள். அவர்களில் ஒருவர் எட்வேர்ட் வின்ஸ்லோ, வயது 25, அச்சுத் தொழில் பழகியவர். மனைவி எலிசபெத்தும் தம்பி கில்பேர்ட்டும் கூட வந்தார்கள். எட்வேர்டின் பொறுப்பில் எலன் மோர் என்ற எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். அவளோடு அவளுடைய உடன்பிறப்புகள் மூன்று பேரையும் வேறு வேறு ஆட்களின் கையில் ஒப்படைத்துக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். தன் மனைவிக்கு வேறொருவரிடம் பிறந்தவர்கள் என்று சொல்லி, பெயரளவில் தகப்பனாக இருந்தவரே செய்த ஏற்பாடு அது. நான்கு பேரில் மூன்று பேர் முதல் குளிர்காலத்தில் இறந்துபோனார்கள். எலனும் இறந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். எலிசபெத் வின்ஸ்லோ 1621 மார்ச்சில் இறந்தார். அதே குளிரில் கணவனை இழந்த சூசன்னா வைற் என்ற பெண்ணை எட்வேர்ட் அந்த மே மாதமே மணந்தார். அதுதான் பிளைமவுத் குடியேற்றத்தின் முதல் திருமணம். சூசன்னாவின் கையில் அப்போது கப்பலில் பிறந்த ஒரு கைக்குழந்தை இருந்தது. இந்தச் சூசன்னா பிற்பாடு ஒரு ஆளுநரின் மனைவி, இன்னொரு ஆளுநரின் தாய். ஆனாலும் அவர் பிறந்த வீட்டின் பெயரை வம்சாவளி எழுதியவர்கள் நீண்ட காலம் பிழையாகவே எழுதிவந்தார்கள். ஃபுல்லர் இல்லை, ஜக்சன் என்று அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கட பூட்டிமாரின் பெயர்கள் ஏன் தெரியவில்லை என்று நாங்கள் வெட்கப்படத் தேவையில்லைப் போல.

அவர்கள் வந்து இறங்கிய இடம் வெறும் காடு இல்லை. அது பட்டுக்செற் என்ற ஊர். 1616க்கும் 1619க்கும் இடையில் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் அந்த ஊர் மக்கள் அழிந்துபோயிருந்தார்கள். யாரோ திருத்திய தோட்டக்காணியில்தான் பிளைமவுத் எழும்பியது. அந்தப் பகுதியின் வாம்பனோக் மக்களுக்குத் தலைவராக இருந்தவர் மசசோயிற். நோயில் தன் மக்களை இழந்திருந்த அவருக்குப் பக்கத்து நரகன்செற் மக்களைச் சமாளிக்க ஒரு துணை தேவைப்பட்டது. பட்டினியில் இருந்த ஆங்கிலேயருக்கு அதைவிடத் தேவை. 1621 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தார்கள். மசசோயிற் பேச வந்து போகும்வரை பணயமாக அவருடைய ஆட்களோடு போய் இருந்தவர் எட்வேர்ட் வின்ஸ்லோ.

இரண்டு வருடம் கழித்து மசசோயிற் சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்தது. எட்வேர்ட் நடந்தே போனார். நாக்கு வீங்கி, விழுங்க முடியாமல், கண் தெரியாமல் கிடந்தவரின் வாயைச் சுத்தம் செய்தார். இடித்த சோளத்தை அந்த ஊர் மூலிகையோடு காய்ச்சி வடித்துப் பருக்கினார். பறவையைச் சுட்டு சூப் வைத்தார். மசசோயிற் தேறி எழும்பினார். எழும்பியதும் ஊரில் நோயாய்க் கிடந்த மற்றவர்களின் வாயையும் அப்படியே சுத்தம் செய்துவிடச் சொல்லிக் கேட்டார். எட்வேர்ட் அதையும் செய்தார். 1624இல் அவர் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் விபரமாகப் பதிந்திருக்கிறார். குடியேறியவர் எழுதியது என்ற சந்தேகத்தோடு வாசித்தாலும், அந்த அறையில் இருந்தது ஏதோ உண்மையான அன்பு என்று எங்களுக்குப் படுகிறது.

எட்வேர்ட் மூன்று முறை ஆளுநராக இருந்தார். 1646இல் இங்கிலாந்து போனவர் பிறகு திரும்பவில்லை. 1655இல் கரீபியன் கடலில், குரொம்வெல் அனுப்பிய படையெடுப்பின்போது காய்ச்சலில் இறந்தார். மேபிளவரில் வந்தவர்களில் நேரில் பார்த்து வரையப்பட்ட ஓவியம் அவருடையது மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த தலைமுறை

மசசோயிற்றின் மகன்மார் வம்சுற்றாவும் மெற்றகொமும். எட்வேர்டின் மகன் ஜொசையா. ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள். தகப்பன்மார் ஒருவரை ஒருவர் காப்பாற்றியவர்கள்.

அதற்கிடையில் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆங்கிலேயர் தொகை கூடியது. அவர்களின் மாடுகளும் பன்றிகளும் வாம்பனோக் மக்களின் சோளத் தோட்டங்களுக்குள் புகுந்தன. காணி கைமாறிக்கொண்டே போனது. கடனுக்கு ஒரு துண்டு, வழக்குக்கு ஒரு துண்டு. ஒப்பந்தம் தாளில் இருந்தது, காணி இல்லை.

1662இல், தகப்பனுக்குப் பிறகு தலைவராகியிருந்த வம்சுற்றாவைப் பிளைமவுத் நீதிமன்றம் அழைத்தது. அவர் வராததால் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு போய்க் கூட்டி வந்தவர் ஜொசையா வின்ஸ்லோ. போன இடத்தில் வம்சுற்றா நோயில் விழுந்தார், சில நாட்களில் இறந்தார். நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று அவருடைய மக்கள் நம்பினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் தகப்பனை ஒரு வின்ஸ்லோ காப்பாற்றினார், மகனை இன்னொரு வின்ஸ்லோ பிடித்துப் போனார் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1673இல் ஜொசையா ஆளுநரானார், அந்த மண்ணில் பிறந்த முதல் ஆளுநர். 1675இல் போர் வெடித்தது. மெற்றகொமுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரால் அதைப் பிலிப் அரசனின் போர் என்று சொல்வார்கள். அந்த டிசெம்பர் 19ஆம் திகதி, ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட படையோடு ஜொசையா நரகன்செற் மக்களின் சதுப்புநிலக் கோட்டையைத் தாக்கினார். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் வயோதிபர்களும் இருந்தார்கள். குடில்களுக்குத் தீ வைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். தப்பியவர்கள் பனிக்குள் ஓடினார்கள்.

1676 ஓகஸ்ட்டில் மெற்றகொம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தலையைப் பிளைமவுத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது அங்கே இருந்தது. அவருடைய மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டிருந்தார்கள். அந்தப் பெடியனை என்ன செய்வது என்று போதகர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். சிலர் வேதாகமத்தைக் காட்டிக் கொல்லலாம் என்றார்கள். வேறொருவர் அதே வேதாகமத்தைக் காட்டி இரக்கம் கேட்டார். கடைசியில் 1677இல் அவனை அடிமையாக விற்றார்கள்.

அவன் மசசோயிற்றின் பேரன். எட்வேர்ட் வின்ஸ்லோ கஞ்சி காய்ச்சிக் கொடுத்து எழுப்பிய மனிதனின் பேரன். அவன் பெயரை யாரும் பதியவில்லை.

துரத்தியவரும் துரத்தப்பட்டவரும்

ஜொசையாவின் மகன் ஐசக். ஐசக்கின் மகன்மாரில் இரண்டு பேர் எங்களுக்கு முக்கியம். ஒருவர் ஜோன், மற்றவர் பூட்டனின் பெயரையே கொண்ட எட்வேர்ட்.

ஜோன் வின்ஸ்லோ படை அதிகாரி. 1755இல் பிரித்தானியர் இப்போதைய கனடாவின் கிழக்கில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் இருந்து அக்காடியர்களை வெளியேற்றத் தீர்மானித்தார்கள். அக்காடியர்கள் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க விவசாயிகள், தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள். கடல்நீர் புகும் சதுப்பு நிலங்களுக்கு அணை கட்டி வயலாக்கியவர்கள். பிரித்தானிய அரசனுக்கு நிபந்தனையில்லாத சத்தியம் செய்ய மறுத்தது அவர்கள் மேல் உள்ள குற்றம்.

செப்ரெம்பர் 5ஆம் திகதி கிரான் பிரே ஊரில் ஆண்களையும் பெடியன்களையும் தேவாலயத்துக்கு வரச் சொன்னார் ஜோன். 418 பேர் வந்தார்கள். கதவைப் பூட்டிவிட்டுக் கட்டளையை வாசித்தார். காணியும் வீடும் ஆடுமாடும் இனி அரசனுக்குச் சொந்தம். காசையும் தூக்கக்கூடிய வீட்டுச் சாமானையும் கொண்டு போகலாம். சில நாட்கள் கழித்து இளைஞர்களை முதலில் கப்பலுக்கு நடத்திப் போனபோது, வழிநெடுக தாய்மாரும் பிள்ளைகளும் முழங்காலில் நின்று அழுதார்கள். இதெல்லாம் ஜோனின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. இந்த வேலை தன் சுபாவத்துக்கு ஒத்துவராதது என்ற கருத்திலும் அதில் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு வேலையைச் செய்து முடித்தார். அடுத்த சில வருடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அக்காடியர்கள் அந்த மண்ணில் இருந்து அகற்றப்பட்டார்கள்.

இந்த இடத்தை வாசிக்கும்போது எங்களில் எல்லாருமே அமைதியாகிவிட்டோம். முதலில் மனதில் வந்தது 1995 இடப்பெயர்வு, எங்கட அம்மா அப்பா சொல்லும் கதை. பிறகு ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "1990 ஒக்ரோபர்." யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒரு மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது. சொன்னது புலிகள், பேசியது எங்கட மொழி. அந்தக் கதையைச் சொல்லும்போது நாங்கள் தேவாலயத்துக்குள் பூட்டப்பட்டவர்கள் இல்லை. கட்டளை வாசித்தவரின் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இனி மற்றச் சகோதரர் எட்வேர்ட். அவர் 1754இல் பிளைமவுத்தில் பெரிய வீடொன்று கட்டினார். அவருடைய மகனுக்கும் எட்வேர்ட் என்றுதான் பெயர். மேபிளவர் முன்னோரை நினைவுகூரும் நாளில் 1770இல் முதலாவது நினைவுரை ஆற்றியவர் இந்த இளைய எட்வேர்ட். ஐந்து வருடத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது. வின்ஸ்லோக்கள் அரசனின் பக்கம் நின்றார்கள். ஊர் மற்றப் பக்கம் நின்றது. வீட்டைக் கைவிட்டு ஓடவேண்டி வந்தது. தகப்பன் எட்வேர்ட் 1784இல் ஹலிபக்ஸில் அகதியாக இறந்தார். மகன் நியூ பிரன்ஸ்விக் என்ற புது மாகாணம் உருவாக முன்நின்று உழைத்து, 1815இல் பிரெடரிக்ரனில் இறந்தார்.

அந்தப் பகுதி முன்பு அக்காடியர்கள் வாழ்ந்த பகுதி. பெரியப்பா படகேற்றி அனுப்பிய மக்களின் நாட்டில் பெறாமகன் அகதியாக வந்து இறங்கினார். இறங்கிய அகதிகளுக்குக் காணி வேண்டும் என்று, துரத்தலுக்குத் தப்பித் திரும்பி வந்திருந்த அக்காடியர்கள் பலர் இரண்டாம் முறையும் மேலே வடக்கே தள்ளப்பட்டார்கள். அகதியானால் மற்ற அகதியின் வலி தானாக விளங்கும் என்று நாங்கள் நினைப்போம். வரலாறு அப்படி ஒரு உத்தரவாதமும் தரவில்லை.

அவர்கள் கைவிட்டுப்போன அந்தப் பிளைமவுத் வீடு இன்றைக்கும் இருக்கிறது. மேபிளவர் வழிவந்தவர்களின் சங்கம் 1897இல் தொடங்கியது. தான் மேபிளவர் பயணியின் சந்ததி என்று தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்டினால்தான் அதில் உறுப்பினராகலாம். அந்தச் சங்கத்தின் தலைமையகம் இந்த வீடுதான். மேபிளவர் பயணியின் பூட்டப்பிள்ளை ஊரை விட்டு ஓடிய வீட்டில் இருந்துகொண்டு மேபிளவர் வம்சத்தைச் சரிபார்க்கிறார்கள்.

உடுவிலுக்கு வந்த கிளை

எட்வேர்டின் இன்னொரு தம்பி கெனெல்ம் பிறகு வந்து சேர்ந்தவர், தச்சுத்தொழில் செய்தவர். 1877 புத்தகம் முக்கியமாக அவருடைய வழியைத்தான் பின்தொடர்கிறது. அந்த வழியில் 1789இல் வெர்மொன்ற் மாநிலத்தில் பிறந்தவர் மைரன் வின்ஸ்லோ. 1820இல் அமெரிக்க மிசனோடு யாழ்ப்பாணம் வந்தார். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியதில் அவருடைய மனைவி ஹரியற்றின் பங்கு பெரியது. ஹரியற் 1833இல் இங்கேயே இறந்தார். மைரன் பிறகு சென்னைக்குப் போய், ஜோசப் நைற் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைத்த சொல் சேகரிப்பையும் சேர்த்து, தமிழ்ப் புலவர்களின் துணையோடு அகராதியை முடித்தார். 1864இல் ஊர் திரும்பும் வழியில் தென்னாபிரிக்காவில் இறந்தார்.

கிளை அங்கே நிற்கவில்லை. மைரனின் மகள் ஒருவர் டலஸ் குடும்பத்தில் கலியாணம் செய்தார். அந்த மகளின் பேரன்மார் ஜோன் ஃபொஸ்ரர் டலஸும் அலன் டலஸும். 1953இல் மூத்தவர் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர், இளையவர் சீஐஏயின் தலைவர். அந்த வருடம் ஈரானிலும் அடுத்த வருடம் குவாத்தமாலாவிலும் மக்கள் தெரிந்த அரசுகளைக் கவிழ்த்ததில் இருவருக்கும் பங்கு உண்டு. எங்கட அகராதிக்காரரின் பூட்டப்பிள்ளைகள்.

இரத்தத்தில் ஓடுகிறது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொன்னால் சாதி பேசுகிறவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. தலைமுறை கடந்து கைமாறியது குணம் இல்லை. காணியும் படிப்பும் தொடர்புகளும் கைமாறின. இந்த உலகத்தை நாங்கள் திருத்தலாம் என்ற நம்பிக்கையும் கைமாறியது. ஒரு தலைமுறையில் அது கஞ்சியாக வரும், இன்னொன்றில் தீயாக, இன்னொன்றில் அகராதியாக.

இன்னொரு புத்தகம்

வின்ஸ்லோ புத்தகம் வந்து ஒரு வருடத்தில், 1878இல், அதே மாசசூசெற்ஸில் இன்னொரு வம்சாவளி நூல் வந்தது. மசசோயிற்றும் அவருடைய சந்ததியும் பற்றியது. எழுதியவர் எபனேசர் பியர்ஸ் என்ற வரலாற்றாசிரியர். வெளியிட்டவர் செர்வையா கூல்ட் மிச்செல், அப்போது எழுபது வயது தாண்டிய வாம்பனோக் பெண். மசசோயிற்றின் மகள் ஏமியின் வழி வந்தவர். ஏமியின் கணவர் ருஸ்பக்குவின் 1676இல் சரணடைந்த பிறகு பிளைமவுத்தில் கொல்லப்பட்டவர்.

மகன்மாரின் வழி அறுக்கப்பட்டது என்று எல்லாரும் எழுதியிருந்த குடும்பம், மகளின் வழியாகத் தப்பியிருந்தது. ஆண்வழியை மட்டும் எழுதும் வம்சாவளியாக இருந்தால் செர்வையா இல்லாமலே போயிருப்பார். தங்கட காணி உரிமையைக் கேட்டு அரசோடு போராடிக்கொண்டிருந்த அவருக்கு இந்தப் புத்தகம் பெருமைக்கு உரியது மட்டும் இல்லை, ஒரு ஆதாரமும்கூட. நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு ஆதாரம்.

அந்தத் தேவை இன்றைக்கும் தீரவில்லை. மாஷ்பி வாம்பனோக் மக்களை அமெரிக்க அரசு அங்கீகரித்தது 2007இல்தான். அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று, பழைய இனக்குழுவின் வழிவந்தவர்கள் என்று ஆவணத்தால் நிறுவுவது. சிதறடிக்கப்பட்டவர்களிடமே பத்திரம் கேட்பது. எங்கட ஊரில் குண்டு விழுந்து எரிந்த வீட்டுக்காரரிடம் உறுதி எங்கே என்று கேட்கும் கந்தோர்தான் நினைவுக்கு வருகிறது.

கடைசியாக ஒன்று. முதலாவது எட்வேர்ட் வின்ஸ்லோ இலண்டனில் இருந்தபோது அவர் முயற்சி செய்ததால், அமெரிக்கப் பழங்குடிகளுக்குக் கிறிஸ்தவம் பரப்பும் சங்கம் ஒன்று 1649இல் உருவானது. அந்தச் சங்கத்தின் காசில்தான் 1663இல் ஜோன் எலியற்றின் வேதாகமம் வாம்பனோக் மக்களின் மொழியில் அச்சானது. பிறகு அந்த மொழியைப் பேசுவோர் ஒருவரும் இல்லாமல் போனார்கள். 1993 அளவில் ஜெசி லிற்றில் டோ பெயாட் என்ற மாஷ்பிப் பெண் அந்த வேதாகமத்தையும் பழைய காணிப் பத்திரங்களையும் வைத்து மொழியைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். இன்று பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். மாற்றுவதற்காக அச்சடித்த புத்தகத்தில் இருந்து தங்கட மொழியைத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். வின்ஸ்லோ அகராதியை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதும்போது, அதை வெறுக்கவும் முடியவில்லை, சும்மா நன்றி சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலும் ஒரு கல்வெட்டு இருக்கும், அலுமாரியில் படங்களோடு கிடக்கும். எடுத்துப் பாருங்கள். பூட்டியின் பெயர் இருக்கிறதா? கோடு இல்லாமல் நிற்கும் மாமா யார்? அந்தக் காணியில் முந்தி யார் இருந்தார்கள், யார் கூலிக்கு உழைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எந்த வருடம் போனார்கள்? அம்மம்மா, அப்பம்மா இருக்கும்போதே கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும்.

எங்கள் நண்பர் கேட்டுவிட்டார். இப்போது அவருடைய பிரதியில் அந்த மாமாவின் பெயருக்குக் கீழே பேனையால் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே மாமியின் பெயர், பிறகு மூன்று பிள்ளைகளின் பெயர். மூத்தவள் எங்களை விட ஒரு வயதுதான் கூட. போன மாதம் முதன்முறையாகப் போனில் கதைத்தார்களாம்.